பன்னிரண்டு அடியில் நான்கு அடி போனால்: ஒரு ராணுவ லாரி பாடியின் கதை

இந்த எபிசோடில் ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். சரக்கு ஏற்றுகிற பாடி. நாமக்கல் பக்கம் 'லாரிக்குப் பாடி கட்டுறது'ன்னு சொல்றோமே, அந்தப் பாடி.

ஏன் இந்தத் தலைப்பு? அமெரிக்காவில் ராணுவம் கழித்துக் கட்டிய பழைய லாரிகளை ஏலத்தில் எடுத்து, பாடியை வெட்டிக் குட்டையாக்கி ஓட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. பின்னால் இருக்கும் இரண்டு ஆக்ஸில்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, 12 அடி பாடியை எட்டு, ஒன்பது அடிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இதற்கு 'பாபிங்' என்று பெயர். 'பாப் கட்' என்று முடியை வெட்டுகிறோமே, அதே சொல்தான்.

இதைச் சுற்றி ஒரு தீராத சண்டையும் உண்டு. பழைய ராணுவ வண்டிகளைச் சேகரித்துப் புதுப்பிப்பவர்களுக்கு, வெட்டின லாரியைப் பார்த்தாலே வயிறு எரியும். 'இது வரலாற்றை வெட்டுற வேலை' என்பார்கள். வெட்டுகிறவர்களோ, 'காசு கொடுத்து வாங்கினது நான், எனக்கு இவ்வளவு நீளம் தேவையில்ல' என்பார்கள். இதில் யார் பக்கம் நியாயம்? அதற்குப் பதில் சொல்லணும்னா, அந்தப் பாடிக்கு 12 அடி நீளம் எங்கிருந்து வந்தது, அதற்கப்புறம் அதில் யாரெல்லாம் கை வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து ஆரம்பிப்போம்.

அமெரிக்க ராணுவத்தின் சுமைதாங்கி அப்போது ஜிஎம்சி கம்பெனியின் 'சிசிகேடபிள்யூ' என்கிற லாரி. 1941 முதல் 1945 வரை, எல்லா வகைகளையும் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்கும் மேல் தயாரானது. மூன்று ஆக்ஸில், மூன்றுக்கும் இன்ஜின் சக்தி போகும். பின்னால் ரெட்டை டயர், ஆக மொத்தம் பத்துச் சக்கரம். மேடுபள்ளத்தில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பது கணக்கு. நம் கணக்கில் ஏறத்தாழ 2,270 கிலோ. சிப்பாய்கள் இதை 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்று கூப்பிட்டார்கள். சீட்டாட்டத்தில் ரெண்டாம் நம்பர் சீட்டுக்கு 'டியூஸ்' என்று பெயர். அந்த 'ரெண்டு', அதோட ஒரு அரை. அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த லாரி தொழிற்சாலையிலிருந்தே இரண்டு நீளத்தில் வந்தது. நீளமான மாடலில் முன் சக்கரத்துக்கும் பின் ஆக்ஸில்களின் நடுவுக்கும் 164 அங்குல இடைவெளி, 12 அடி பாடி. குட்டை மாடலில் 145 அங்குலம், 9 அடி பாடி. குட்டை எதற்கு? பீரங்கி இழுக்க. பின்னால் பீரங்கியைக் கட்டிக்கொண்டு வளைந்து நெளிந்து போக வேண்டிய வண்டிக்கு நீளம் ஒரு தொந்தரவு. சரக்கை மட்டும் சுமக்கிற வண்டிக்கு நீளம் ஒரு லாபம். ஆக, 'ஒரிஜினல் நீளம்' என்று ஒற்றை அளவு எதுவும் ஆரம்பத்திலேயே இல்லை. வேலைதான் அளவைத் தீர்மானித்தது.

பாடி எதில் செய்யப்பட்டது என்பதும் அப்படித்தான். முதலில் இரும்பு. போர் நடுவில் இரும்பை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தபோது மரப்பலகை பாடிக்கு மாறினார்கள். அதற்கப்புறம் மரமும் இரும்பும் கலந்த பாடி.

சரி, இந்தப் பாடி நிஜத்தில் எப்படி வேலை பார்த்தது? அதற்கு 1944 ஆகஸ்ட் மாத பிரான்ஸுக்குப் போகணும்.

நார்மண்டியில் தரையிறங்கிய நேச நாட்டுப் படைகள், தடுப்பை உடைத்துக்கொண்டு எதிர்பார்த்ததைவிட வேகமாக முன்னேறிவிட்டன. பெட்ரோலும் குண்டும் சோறும் பின்னாடியே போய்ச் சேர வேண்டும். ஆனால் பிரான்ஸின் ரயில் பாதைகளை, ஜெர்மானியர் பயன்படுத்தக் கூடாது என்று, நேச நாட்டு விமானங்களே குண்டு போட்டுச் சிதைத்திருந்தன. மிச்சம் இருந்தது லாரி மட்டும்தான். 1944 ஆகஸ்ட் 25 அன்று 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரி ஓட்டம் தொடங்கியது. போக ஒரு சாலை, திரும்பி வர ஒரு சாலை. இரண்டிலும் வேறு வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நவம்பர் 16 வரை இரவு பகலாக ஓடியது. உச்சத்தில், ஆகஸ்ட் 29 அன்று மட்டும் 5,958 வண்டிகள் 12,342 டன் சரக்கைச் சுமந்தன.

ஓட்டியவர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினச் சிப்பாய்கள். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் பிரிவு, வெள்ளையர்களுக்குத் தனிப் பிரிவு. கறுப்பினச் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலானவர்களைப் போர்முனைக்கு அனுப்பாமல் சரக்கு, சமையல், கட்டுமானம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ராணுவத்தில் இந்தப் பிரிவினையை ஒழிக்கும் உத்தரவை அதிபர் ட்ரூமன் 1948 ஜூலையில்தான் போட்டார். அப்படி ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள்தான் அந்தக் கோடையில் ஒரு படையெடுப்பையே தோளில் தூக்கினார்கள்.

அவர்கள் வண்டியை 'விதிப்படி' ஓட்டவில்லை. இரண்டரை டன் வண்டியில் ஐந்து டன், சில நேரம் அதற்கும் மேலே. வேகத்தைக் கட்டுப்படுத்த இன்ஜினில் வைத்திருந்த கவர்னரைக் கழற்றிப் போட்டார்கள். காகிதத்தில் இருந்த லாரி வேறு, சாலையில் ஓடிய லாரி வேறு.

போர் முடிந்தது. இவ்வளவு வண்டியை என்ன செய்வது? உபரிச் சொத்துகளை விற்பதற்கான சட்டம் 1944-லேயே வந்துவிட்டது. 1946-இல் 'வார் அசெட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற நிறுவனத்தை இதற்கென்றே வைத்தார்கள். விவசாயி வாங்கினார், மரம் வெட்டுகிறவர் வாங்கினார், கிராமத்துத் தீயணைப்புக் குழு வாங்கியது. வாங்கியவர் முதலில் மாற்றியது எதை? பாடியைத்தான். தீயணைப்புக் குழு பாடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்தது. மரம் வெட்டுகிறவர் கிரேன் வைத்தார்.

பிலிப்பைன்ஸில் இதற்கு நேர் எதிரான வேலை நடந்தது. அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை மணிலாக்காரர்கள் வாங்கி, பின்பக்கத்தை இழுத்து நீட்டி, எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்டு, மேலே கூரை வைத்தார்கள். அதுதான் 'ஜீப்னி'. போரில் டிராம் பாதைகள் அழிந்துபோன ஊருக்கு அது பஸ் ஆனது. அமெரிக்கக்காரருக்கு லாரி நீளம் கூடிப்போச்சு, மணிலாக்காரருக்கு ஜீப் நீளம் பத்தல. ஒரே போரின் மிச்சம்தான், தேவைதான் வேறு.

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம். சிசிகேடபிள்யூவின் இடத்தைப் பிடிக்க வந்தது 'எம்35'. மிச்சிகன் மாநிலம் லான்சிங் நகரில் இருந்த ரியோ கம்பெனி 1950 வாக்கில் தயாரிக்க ஆரம்பித்தது. அதே மூன்று ஆக்ஸில், அதே இரண்டரை டன், அதே 12 அடி பாடி. சாலையில் என்றால் ஐந்து டன் வரை ஏற்றலாம் என்று இம்முறை புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். 1960-களில் வந்த எம்35ஏ2 மாடலில் 'மல்டிஃப்யூல்' இன்ஜின் இருந்தது. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், வேறு வழியே இல்லையென்றால் பெட்ரோல் என்று எதை ஊற்றினாலும் ஓடும். போர்க்களத்தில் எது கிடைக்கும்னு தெரியாது இல்லையா, அதற்காக.

இந்த லாரியின் பாடிக்கு மிகப் பெரிய மாற்றம் நடந்த இடம் வியட்நாம்.

கடற்கரையில் குய் நோன் துறைமுகம். உள்ளே மேட்டு நிலத்தில் பிளேக்கு. இரண்டையும் இணைப்பது 19-ஆம் எண் சாலை. நடுவில் ஆன் கே கணவாய். 1967 செப்டம்பர் 2 அன்று, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த 37 லாரிகள் கொண்ட வரிசையை எதிரிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். சில நிமிடங்களில் ஏறத்தாழ 30 வண்டிகள் நாசமாயின அல்லது சேதமடைந்தன. 7 பேர் இறந்தார்கள், 17 பேருக்குக் காயம். பாதுகாப்புக்குக் கூட வந்தவை ஜீப்புகள், கவசம் கிடையாது.

ராணுவத் தலைமை ஒரு வண்டியை வடிவமைத்து அனுப்பும் வரை காத்திருக்க முடியாது. டிரைவர்களே இறங்கினார்கள். இரண்டரை டன் லாரியின் பாடியில் மரப்பலகையைச் சுவராக வைத்து, மணல் மூட்டை அடுக்கி, இயந்திரத் துப்பாக்கி பொருத்தினார்கள். 'கன் டிரக்' பிறந்தது. ஆனா மழைக்காலத்தில் மணல் மூட்டை தண்ணி குடிக்கும். எடை ஏறும். கணவாயில் லாரி திணறும். அதனால் மூட்டையை விட்டுவிட்டு, கிடைத்த இடத்திலிருந்து இரும்புத் தகடு கொண்டுவந்து பற்றவைத்தார்கள். தகட்டையும் துப்பாக்கியையும் ஆட்களையும் சுமக்க இரண்டரை டன் வண்டியின் இன்ஜின் போதவில்லை என்று தெரிந்ததும், எம்54 என்ற ஐந்து டன் லாரிக்கு மாறினார்கள். சில லாரிகளில் கவச வாகனம் ஒன்றின் மேல்கூட்டையே தூக்கிப் பாடிக்குள் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பெயர், அதைப் பெரிய எழுத்தில் பக்கத்தில் வரைந்து வைத்தார்கள்.

ராணுவத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் 'கன் டிரக்' என்று ஒரு வண்டி கிடையாது. காகிதத்தைப் பொறுத்தவரை அது சரக்கு லாரி. விதிப்படி பார்த்தால் யாரோ பாடியைக் கெடுத்திருக்கிறார்கள்.

படைகள் திரும்பியபோது என்ன ஆச்சு? நூற்றுக்கணக்கில் இருந்த கன் டிரக்குகளில் பெரும்பாலானவை உடைசலுக்குப் போயின, அல்லது கவசம் கழற்றப்பட்டு மறுபடி சாதாரணச் சரக்கு லாரி ஆயின. வியட்நாமிலிருந்து அப்படியே வந்து இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: 'ஈவ் ஆஃப் டெஸ்ட்ரக்‌ஷன்'. வர்ஜீனியாவில் ஃபோர்ட் யூஸ்டிஸ் முகாமில் இருக்கும் ராணுவப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2003-க்குப் பிறகு இராக்கில் சரக்கு வரிசைகள் தாக்கப்பட்டபோது, சிப்பாய்கள் திரும்பவும் உடைசல் இரும்பைத் தேடி லாரி பாடியில் பற்றவைக்க வேண்டி வந்தது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் பாடிக்குள் வைக்கிற கவசப் பெட்டியை வடிவமைத்துக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். அந்த லாரிகளின் வரலாறு எதில் இருந்தது? பற்றவைத்த தகட்டில் இருந்தது. 'ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவருகிறோம்' என்று தகட்டைக் கழற்றியபோதுதான் அது அழிந்தது. ஆக, மாற்றம் செய்தாலே வரலாறு போச்சு, பழையபடி ஆக்கினால் வரலாறு வந்தாச்சு என்பது அவ்வளவு நேரான கணக்கு இல்லை.

இனி, பாபிங்குக்கு வருவோம். 1990-களில் எம்35-க்குப் பதிலாகப் புதுத் தலைமுறை லாரிகள் வரத் தொடங்கியதும், பழையவை ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர் வீட்டுக்கு ஓட்டி வருகிறார். 22 அடி நீளம், 8 அடி அகலம், காலியாகவே ஏறக்குறைய 5,900 கிலோ. காட்டுப் பாதையில் திரும்பாது, வீட்டு முற்றத்தில் நிற்காது. அவருக்குச் சுமக்க இரண்டரை டன் சரக்கும் இல்லை. அதனால் வெட்டுகிறார்.

எப்படி வெட்டுவது? பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட முடியாது. பின் கதவு, அதன் கீல், அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் எல்லாம் அங்கேதான். முன்பக்கமும் அப்படியே, அங்கே முன் சுவர். அதனால் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் நெருக்கிப் பற்றவைப்பார்கள். படுதாவைத் தாங்கும் வளைவுக் கம்பிகளைச் செருக, பக்கவாட்டில் ஒரே இடைவெளியில் பொந்துகள் இருக்கும். அந்த இடைவெளி கெடாத மாதிரி கோடு போட்டு வெட்டினால்தான் கம்பி மறுபடி உட்காரும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, ராணுவ டிரெய்லரின் 9 அடி பாடியைத் தூக்கி வைப்பவர்களும் உண்டு.

பாடி சுலபமான பாதி. கஷ்டம் கீழே இருக்கிறது. எம்35-இன் பின் ஸ்பிரிங், நடுவில் ஒரு தண்டில் தராசு மாதிரி தொங்கும். ஒரு முனையில் ஓர் ஆக்ஸில், மறுமுனையில் இன்னொன்று. ஒன்றைக் கழற்றினால் தராசில் ஒரு தட்டு இல்லை. அதனால் தொங்குகிற அமைப்பையே எடுத்துவிட்டு, முன் ஆக்ஸிலில் இருப்பது போல இரண்டு முனையும் சேஸில் மாட்டுகிற ஸ்பிரிங் வைக்க வேண்டும். ஆக்ஸிலின் இடம் மாறினால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் கோணமும் மாறும். சேஸின் மிச்ச வாலை வெட்டி, கடைசிக் குறுக்குச் சட்டத்தை முன்னால் கொண்டுவர வேண்டும்.

இதெல்லாம் உழைப்பு. உயிர்ப் பிரச்சினை பிரேக்கில் இருக்கிறது. எம்35ஏ2-வில் காற்றின் உதவியோடு வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக். ஆறு டிரம்முக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போகும். இது வெட்டாத லாரிக்கும் பொருந்தும். வெட்டும்போது ஆறு டிரம் நான்காகக் குறைகிறது. இன்ஜின் எடை முழுக்க முன்னால், பின்னால் ஒன்றுமில்லாத குட்டைப் பாடி. அழுத்திப் பிரேக் போட்டால் பின் சக்கரம் சீக்கிரம் சிக்கி வழுக்கும். சுமக்கும் திறனும் பாதி போல ஆகிவிடும், ஆனால் வண்டியில் இருக்கும் பழைய ராணுவத் தகடு இன்னமும் பழைய எடையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்! அடுத்து வாங்குகிறவர் அந்தத் தகட்டை நம்பினால்?

என்னைக் கேட்டால், வெட்டியவர் செய்கிற தப்பு இங்கேதான் இருக்க முடியும். வெட்டியதில் இல்லை. என்ன வெட்டினோம் என்று எழுதி வைக்காமல் விடுவதில்.

கன் டிரக் கட்டிய டிரைவருக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. மணல் மூட்டை வைத்தார், லாரி திணறியது, தகட்டுக்கு மாறினார், அதுவும் திணறியது, பெரிய லாரிக்குப் போனார். பாடியில் கை வைத்தால் அதன் கணக்கு ஸ்பிரிங்குக்கும் பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் போய்ச் சேரும். அவருக்கு உயிர் போகும் கட்டாயம் இருந்தது. பொழுதுபோக்குக்காக வெட்டுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நேரம் இருக்கிறது, அளந்து பார்க்க வசதி இருக்கிறது. அதனால் அவரிடம் நாம் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம்.

அப்போ அந்தச் சண்டைக்கு என் பதில் என்ன? எம்35 குடும்பத்தில் ஏராளமான லாரிகள் தயாராயின. பாடி துருப்பிடித்து ஓட்டை விழுந்த ஒரு லாரி, குட்டையாக இன்னும் 20 வருஷம் ஓடுவது, உடைசல் கடையில் நசுங்குவதைவிட மேல். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு பகல் செலவழித்து லாரியைச் சுரண்டிப் பாருங்கள் என்று சொல்வேன். பெயிண்டுக்கு அடியில் பழைய படைப்பிரிவின் எண் இருக்கலாம். பாடியில் யாரோ பற்றவைத்த தழும்பு, அடைத்த போல்ட் ஓட்டை இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த லாரியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த மாதிரியே இருக்கும் பாடிதான் வெட்டுவதற்கு ஏற்றது. சேகரிப்பவர்கள் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள்: சுத்தமான பாடியைக் காப்பாற்று, ஒட்டுப்போட்டதை வெட்டு என்று. அந்த வழியில் போனதால்தான் நூற்றுக்கணக்கான கன் டிரக்குகளில் ஒன்று மட்டும் மிஞ்சியது.

வெட்டியபின் இரண்டு வேலை பாக்கி. பழைய தகட்டுக்குப் பக்கத்திலேயே புதுத் தகடு ஒன்று: எந்த வருஷம் வெட்டியது, எவ்வளவு நீளம், எவ்வளவு ஏற்றலாம். அப்புறம், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ. ராணுவம் செய்யாமல் விட்டது இதைத்தான்.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ ஊரிலோ, பழைய ராணுவ வண்டி ஒன்று வேறு உருவத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அதை யார் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். மாற்றியவர் இருக்கும்போதே கேளுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.